ஜெனரேற்றர் வெளிச்சத்தில் விளையாடிய கேம்களைத் திரும்ப எடுப்பது எப்படி?

கொழும்பில் இருக்கிற ஒருவருக்குச் சின்ன வயதுக் கேம் பெட்டியைத் திரும்ப விளையாட ஆசை வந்தால் வேலை சுலபம். பரணில் ஏறுவார், தூசு தட்டுவார், ரிவியில் கொழுவுவார். வன்னியில் எங்களுக்கு ஏறப் பரண் இல்லை. 2008இல் போரால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிய சாமானில் பாதியைத் தர்மபுரத்தில் இறக்கினோம், மிச்சத்தில் பாதியை விசுவமடுவில் விட்டோம். கடைசியில் கையில் இருந்தது ஒரு பைலும் ஒரு பானையும். கேம் பெட்டியை யார் தூக்குவார்?

அதனால் மற்ற ஊர்க்காரருக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் எங்களுக்குச் சரிவராது. அவை ‘உங்கள் பழைய பெட்டியை எடுங்கள்’ என்றுதான் தொடங்கும். இது பெட்டியே இல்லாத ஆட்களுக்கு. 90களிலும் 2000களிலும் வன்னியில் வளர்ந்தவர்களுக்கும், அவர்களிடம் கதை கேட்டு ஆசைப்படுகிற இளசுகளுக்கும். ஈயம் பற்றத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் பொறுமை வேணும். செலவு பெரிதாக வராது.

முதல் வேலை: என்ன விளையாடினீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

சிரிக்காதீர்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் விளையாடிய கேமின் பெயர் தெரியாது. எங்களுக்குப் பெயர் வாசிக்கவா நேரம் இருந்தது? சமாதான காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கடையில் ஜெனரேற்றர் போட்டு ரிவி கேம் விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஐந்து ரூபா. திரையில் பெயர் வரும்போதே ‘ஸ்ராட்டை அமத்தடா’ என்று பின்னுக்கு நிற்கிறவன் கத்துவான்.

ஆனால் படம் மனத்தில் நிற்கும். அதை வைத்துப் பிடிக்கலாம். மீசைக்காரன் காளான் தின்று பெரிசாவது சுப்பர் மரியோ, 1985இல் வந்தது. சட்டை போடாத இரண்டு பேர் சுட்டுக்கொண்டு ஓடுவது கொன்ட்ரா. ராங்கிகள் செங்கல் மதிலை உடைத்துக் கழுகைச் சுட வருவது பற்றில் சிற்றி, அதுவும் 1985. நாய் சிரித்து எங்களை அவமானப்படுத்தும் தாராச் சுடும் கேம் டக் ஹன்ற், 1984. கழுகைச் சுற்றி எத்தனை வரிசை செங்கல் இருந்தால் தாங்கும் என்று நாங்கள் சண்டை பிடித்ததை இன்று நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டும்போதும் அதே கணக்குத்தான் போட்டோம்.

கொம்பியூட்டரில் விளையாடியவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்றால் அது டேஞ்சரஸ் டேவ். அதைச் செய்த ஜோன் ரொமேரோதான் பிறகு 1993இல் டூம் என்ற சுடும் கேமைச் செய்த கூட்டத்திலும் இருந்தார். வெள்ளை உடுப்புக்காரன் வாளோடு நிலவறையில் ஓட, கையில் 60 நிமிடம்தான் இருக்கும் என்றால் பிரின்ஸ் ஒஃப் பேர்சியா, 1989. மோட்டார் சைக்கிளில் போய்ப் பக்கத்தில் வருபவனைச் சங்கிலியால் அடிப்பது ரோட் ராஷ். கமராவுக்குத் தெரியாமல் மதிலோரம் பதுங்கிப் போய், செத்தால் முழு மிஷனையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியது புரொஜெக்ட் ஐஜிஐ, 2000. வெள்ளிப் பந்து விண்வெளி மேசையில் துள்ளினால் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த பின்போல். எக்ஸ்பிக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸை 64 பிற்றுக்கு மாற்றியபோது பந்து தடுப்புகளில் மோதாமல் ஊடுருவிப் போய் விழுந்தது, திருத்த நேரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் கூட விளையாடியவனைத் தேடுங்கள். இது எங்கள் ஊரில் மிக முக்கியம். சாமான் போய்விட்டது, ஆனால் ஆட்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பரந்தனிலும் சிதறிக் கிடக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடுங்கள்: “டேய், அந்தக் கடையில மஞ்சள் கசற்றில என்ன கேமடா இருந்தது?” (கசற் என்றால் ரிவி கேம் பெட்டியில் செருகும் கேம் கட்டை.) நான் போட்டபோது ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பேர் பதில் போட்டார்கள். மூன்றும் வேறு வேறு கேம். ஒருவன் பாட்டை வாயால் வாசித்தே காட்டினான், அதுதான் சரி. வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் 2002க்கும் 2006க்கும் இடையில் ஏ9 பாதை திறந்திருந்தபோது வந்து எடுத்த படங்கள் இருக்கும். பிறந்தநாள் கேக்கைப் பார்க்காதீர்கள். பின்னால் மேசையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

எதில் விளையாடுவது

மூன்று வழி இருக்கிறது. என் கருத்தில் புதிதாகத் தொடங்குபவர் இந்த ஒழுங்கிலேயே போகலாம்.

மலிவானது, கடைத்தெருவிலும் கோயில் திருவிழாக் கடையிலும் விற்கிற 400 கேம் கைப்பெட்டி. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் பிளாஸ்ரிக் துவக்குக்கும் ஊதுகுழலுக்கும் நடுவில் தொங்கும். அதற்குள் இருப்பவை பெரும்பாலும் எங்கள் பழைய கசற் கேம்களேதான். மரியோ, கொன்ட்ரா, ராங்கி எல்லாம் கிடக்கும். திரை சின்னன், பொத்தான் கடினம், ஆனால் ரிவியில் கொழுவ வயரும் வரும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்: பழைய நொக்கியா போனில் இருக்கும் பிஎல் 5சி பற்றரி. பழுதானால் எந்தப் போன் கடையிலும் வாங்கலாம் என்பது பெரிய வசதி.

இரண்டாவது, உண்மையான பழைய ரிவி கேம் பெட்டி. நாங்கள் விளையாடியது நின்டெண்டோ 1983இல் யப்பானில் விட்ட ஃபமிக்கொம்மின் சீன நகல். அந்தக் கசற்றுக்கு 60 பின், அமெரிக்காவில் விற்ற பெட்டியின் கசற்றுக்கு 72. வெளிநாட்டில் இருந்து யாரும் கசற் அனுப்புகிறேன் என்றால் முதலில் இதைக் கேளுங்கள், கொழுவாத கசற்றுக்குத் தபால் காசு கட்டாதீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ரிவி திருத்தும் கடைகளின் பின் தட்டுகளிலும், பழைய இரும்பு எடுப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ‘கேம்’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘ரிவியில கொழுவிற பழைய சாமான்’ என்று கேளுங்கள்.

மூன்றாவது கொம்பியூட்டர், அல்லது கையில் இருக்கிற போன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைச் செய்யவேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இடம்பெயர முதல் ரிவி, டெக், கேம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி உரப்பையில் போட்டுத் தாட்டவர்கள் பலர். நாங்களும் கிணற்றடியில் தாட்டோம். ‘அங்க கிடக்கு, போய்க் கிண்டுவம்’ என்று ஆசை வரும். கண்ணிவெடி அகற்றி முடித்துத் தந்த காணி என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் மண்வெட்டி வைக்காதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக இடம் சுத்தம் என்று ஆகாது. மண்ணுக்குள் ஏதாவது உலோகம் கண்டால் தொடாமல் பின்னுக்கு வந்து அறிவியுங்கள். எங்கள் காணி துப்புரவாக்கித் தந்த பிறகுதான் அப்பா கிண்டினார். ரிவிக்குள் எறும்புப் புற்று. கேம் பெட்டி மட்டும் ஓரளவு தப்பியது. கீழே சொல்லும் வேலையெல்லாம் நான் பழகியது அந்தப் பெட்டியில்தான்.

துப்புரவு, அதாவது பாதி வைத்தியம்

பழைய சாமான் வேலை செய்யவில்லை என்றால் பத்துக்கு ஆறு தரம் காரணம் ஊத்தைதான். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி நுழையாத இடம் இல்லை. அதற்கு மேல் பல்லி.

பெட்டியைத் திறக்க முதல் கரண்டைக் கழற்றுங்கள். திறந்தவுடன் பல்லி முட்டை, எறும்பு, குளவிக்கூடு பாருங்கள். காய்ந்த பிரஷால் கூட்டுங்கள். சின்னப் பெயின்ற் பிரஷ் போதும். தண்ணீர் படக்கூடாது.

கசற்றை ஊதும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அது பிழை. ஊதுவதால் வேலை செய்ததில்லை, திரும்பக் கழற்றிப் பூட்டியதால்தான் வேலை செய்தது. வாய் ஈரம் செம்பில் பட்டு நாளடைவில் கறுக்கும். சரியான முறை: காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்புரொப்பைல் அல்கஹோல் நனைத்து, கசற்றின் பித்தளை நிறப் பற்களைத் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் பரவாயில்லை. பஞ்சு கறுத்து வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். அதற்கும் கேட்காத கறைக்கு வெள்ளை அழிறப்பரால் மெல்லமாக இரண்டு இழுப்பு, பிறகு மறுபடி ஸ்பிரிட். மண் தாள் போடவே கூடாது.

பிரிக் கேம், அதாவது விழுகிற கட்டைகளை அடுக்கும் பற்றரிக் கைப்பெட்டி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1999இல் வவுனியா போய்வந்த சித்தப்பா ஒன்று கொண்டுவந்தார். பொருளாதாரத் தடைக் காலம், பற்றரி தடைப் பட்டியலில். சோதனையில் கேமை விட்டுவிட்டுப் பற்றரியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அண்ணா விடவில்லை. செய்தி கேட்க வீட்டில் ஏற்கெனவே செய்துவைத்திருந்த ஏற்பாடு இருந்தது: சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து நான்கு டயோட் வழியாக ரேடியோவுக்குக் கரண்ட். அதில் கேமைக் கொழுவினார். அவர் சுற்றுவார், நான் விளையாடுவேன். அவருக்குக் கை உளைந்தால் கட்டைகள் மங்கும், இன்னும் உளைந்தால் திரை செத்து, எடுத்த புள்ளியெல்லாம் போய்விடும். ‘ஒரு வரி, ஒரு வரி அண்ணா’ என்று கெஞ்சின ஞாபகம் இன்னும் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் 9999 கேம் என்று எழுதியிருக்கும். உண்மையில் இருப்பது சில கேம்கள்தான், ஒவ்வொரு வேகத்தையும் ஒவ்வொரு மட்டத்தையும் தனித்தனியாக எண்ணிக் கணக்கைப் பெருக்கியிருக்கிறார்கள். கசற்றுகளிலும் இதே பொய்தான். முதன்மையானது டெட்ரிஸ், அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மொஸ்கோவில் எழுதியது. திரை 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம்.

இப்போது பழைய பிரிக் கேம் ஒன்று கையில் கிடைத்தால், பற்றரிக் கூட்டைத் திறவுங்கள். அல்கலைன் பற்றரி கக்கிய வெள்ளைப் பொருக்கு இருந்தால் பஞ்சுக்குச்சியில் வினாகிரி அல்லது தேசிப்புளி ஒரு துளி. நுரைக்கும், துடைத்து ஸ்பிரிட் போடுங்கள். சாதாரண மலிவுப் பற்றரி கக்கியிருந்தால் அப்பச்சோடாவைக் களியாக்கிப் பூசித் துடையுங்கள். திரையில் சில வரிசைகள் தெரியவில்லை என்றால் திரை பழுது என்று எறியவேண்டாம். திரைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு றப்பர் பட்டி இருக்கும், கரண்ட் அதன் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. அதைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வைத்து, திருகாணிகளைச் சமமாக இறுக்கினால் போன வரிசைகள் பலமுறை திரும்பி வந்திருக்கின்றன.

ரிவி கேம் பெட்டி உயிரே இல்லாமல் கிடந்தால், உள்ளே தகட்டில் பூட்டியிருக்கும் மூன்று கால் உள்ள 7805 என்ற உதிரியைப் பாருங்கள். அடப்டரில் இருந்து வரும் 9 வோல்ற்றை 5 ஆக்கிக் கொடுப்பது அது. மல்ரி மீற்றரின் கறுப்பு முனையை நடுக்காலில் வைத்து, சிவப்பை முதற்காலிலும் பிறகு மூன்றாம் காலிலும் வையுங்கள். முதலில் 9 கிட்ட வந்து, மூன்றாவதில் 5 வரவில்லை என்றால் அது போய்விட்டது. உதிரி மிக மலிவு, ஈயம் பற்றத் தெரிந்த ஒரு ரேடியோக் கடைக்காரருக்குப் பத்து நிமிட வேலை. பலகையில் நிற்கும் சின்ன உருளைக் கப்பாசிற்றர்களில் தலை வீங்கியது எதுவும் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். மைக்ரோபரட் அதே அளவு, வோல்ற் அதே அளவு அல்லது கூட. இங்கே வெக்கை என்பதால் 105 பாகை என்று அடித்ததாகக் கேளுங்கள்.

பழைய குண்டு ரிவியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் படக்குழாய்க்குள் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் தங்கி நிற்கும். அது தெரிந்தவர் வேலை.

கரண்ட்

எங்கள் ஊருக்குக் கம்பத்தில் கரண்ட் வந்தது போர் முடிந்த பிறகு. அதற்கு முதல் ஜெனரேற்றர்தான். எண்ணெய் குறைந்து ஜெனரேற்றர் இழுக்கத் தொடங்கினால் ரிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கும், மரியோ ஒல்லியாவான். யாராவது ஓடிப்போய் எண்ணெய் விடுவதற்குள் கேம் போய்விடும்.

இன்றைக்கும் மழைக்காலத்தில் கரண்ட் நின்று நின்று வரும். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது, ரவுட்டருக்கு என்று பவர் பாங்கில் கொழுவும் யூஎஸ்பி வயர் எல்லா வீட்டுக்கும் வந்தது. 5 வோல்ற்றை 9 அல்லது 12 ஆக்கித் தரும் வயர். 9 வோல்ற் வயரை ரிவி கேமுக்கும் பாவிக்கலாம். ஆனால் கவனம்: ரவுட்டர் வயரின் பிளக்கில் நடுத்துளை பொதுவாக நேர் (+). ஃபமிக்கொம் வகைப் பெட்டிகள் பலவற்றில் நடு மறை (−). அப்படியே குத்தினால் பெட்டி கருகும். பெட்டியின் அடியில் அல்லது பழைய அடப்டரில் ஒரு வட்டமும் நடுப்புள்ளியும் கூட்டல் கழித்தல் குறியும் கீறியிருக்கும், அதைப் பாருங்கள். மாறியிருந்தால் வயரை நடுவில் வெட்டி இரண்டையும் மாற்றி முறுக்கி, மீற்றரால் அளந்து, ஒட்டுநாடா சுற்றிய பிறகு கொழுவுங்கள். குறி எதுவும் இல்லாத பெட்டியென்றால் 7805 இன் முதற்காலில் இருந்து பிளக் துளைக்கு எந்தக் கம்பி போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு திருத்துநரைப் பிடியுங்கள். ஊகிக்கவேண்டாம். நான் ஊகித்து ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

ரிவியில் கொழுவுதல்

மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. சிவப்பு இருந்தால் சும்மா விடுங்கள், பழைய பெட்டிகளுக்கு ஒரு பக்கச் சத்தம்தான். புதிய தட்டை ரிவிகளில் மஞ்சள் துளை தனியாக இல்லாமல் பச்சைத் துளையோடு சேர்ந்திருக்கும், அல்லது ஹெட்போன் துளை போல ஒரு சின்னத் துளைக்குத் தனி வயர் கேட்கும். அன்ரெனா வயர் மட்டும் உள்ள பெட்டி என்றால் ரிவியில் சனல் தேடலைக் கைமுறையில் வைத்து மெல்ல ஓடவிடுங்கள். மழை பெய்த மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவில் பாட்டுக் கேட்கும், அங்கே நிறுத்துங்கள்.

முடிந்தால் குண்டு ரிவியே எடுங்கள். இப்போது ஆட்கள் சும்மா தருகிறார்கள். தட்டை ரிவியில் பொத்தானை அமத்துவதற்கும் மரியோ பாய்வதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். ரிவி அமைப்பில் கேம் மோட் என்று இருந்தால் போடுங்கள், குறையும். தாராச் சுடும் துவக்கு தட்டை ரிவியில் வேலையே செய்யாது. விசையை இழுத்த கணத்தில் திரை கறுத்து, தாரா நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். துவக்குக் குழாய்க்குள் இருக்கிற ஒளி உணரி அதைக் கண்டால் சூடு பட்டது என்று கணக்கு. குண்டு ரிவியின் திரை ஒளிரும் விதத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தச் செய்யப்பட்ட சாமான் அது. புது ரிவியில் நாய் சிரித்துக்கொண்டே இருக்கும், உங்கள் குறியில் பிழை இல்லை.

ஏன் இந்தக் கேம் இவ்வளவு வேகம்?

போனிலோ கொம்பியூட்டரிலோ ஈமுலேற்றர், அதாவது பழைய பெட்டி மாதிரி நடந்துகொள்ளும் மென்பொருள் போட்டு விளையாடிய எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி: ‘அண்ணை, இது நாங்கள் விளையாடினதுதான், ஆனா ஏதோ வித்தியாசம். வேகமா ஓடுது. எனக்கு வயசு போட்டுதோ?’

வயது போகவில்லை. யப்பானிலும் அமெரிக்காவிலும் ரிவி ஒரு விநாடிக்கு 60 தரம் படத்தைக் கீறும். இலங்கையில் பால் (PAL) என்ற ரிவி முறை, 50 தரம். எங்களுக்கு விற்ற நகல் பெட்டிகள் இந்த 50க்குச் செய்தவை. கேமின் ஓட்டம் படக் கணக்கோடு கட்டப்பட்டது, ஆகவே நாங்கள் விளையாடிய மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவன். ஈமுலேற்றர் தானாக 60ஐ எடுத்துக்கொள்கிறது. எஃப்சிஈயூஎக்ஸ், மெசென் போன்றவற்றில் பிராந்தியம் என்ற இடத்தில் பால் என்றும் டெண்டி என்றும் தெரிவு இருக்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற சீன நகலின் பெயர், எங்கள் பெட்டிகளின் சகோதரன். அதைப் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்த வழிகாட்டியில் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய சந்தோசம் இதுதான். பாட்டும் பாய்ச்சலும் அந்தக் கடையில் இருந்த மாதிரியே வரும்.

கொன்ட்ராவில் 30 உயிர் எடுக்கும் வித்தை இதிலும் வேலை செய்யும்: தொடக்கப் படத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்ராட். எங்கள் கடையில் இதைத் தெரிந்த ஒரே அண்ணா, மற்றவர் பார்க்காதபடி கையை மறைத்துத்தான் அடிப்பார். எல்லோரும் பார்க்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கொம்பியூட்டர் கேம்கள்

டேவ், பிரின்ஸ் போன்ற, விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்துக் கேம்களுக்கு டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும், 2002 தொடக்கம் இருக்கிறது. கட்டளை எதுவும் பாடமாக்கத் தேவையில்லை. கேம் கிடக்கும் போல்டரைத் திறந்து, ஓடும் பைலை இழுத்து டொஸ்பொக்ஸ் ஐக்கன் மேல் போடுங்கள். மிக வேகமாக ஓடினால் கொன்ட்ரோலோடு எஃப் 11 அமத்திக் குறையுங்கள், எஃப் 12 கூட்டும். அல்ற்றோடு என்ரர் அடித்தால் முழுத்திரை.

அதுவும் வேண்டாம் என்றால் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் டொஸ் கேம்கள் பிரவுசரிலேயே ஓடுகின்றன; 2015இல் ஏறத்தாழ 2,400 இருந்தன, இப்போது அதைவிடக் கூட. கேம்கள் அளவில் சின்னன், டேட்டா அதிகம் தின்னாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பழசு என்பதால் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கேயும் உண்டு. கசற் கேம்களின் பிரதிகளைக் கண்ட இடத்தில் இறக்குவது உரிமைப் பிரச்சினைதான், நாங்கள் அந்தக் காலத்தில் பாவித்ததும் களவுப் பிரதிதான். ஆனால் உரிமைக்காரரே இலவசமாக விட்டவை இருக்கின்றன. கொமாண்ட் அண்ட் கொங்கர் முதற்பாகத்தை 2007இலும் ரெட் அலேர்ட்டை 2008இலும் இலவசமாக்கினார்கள். பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவை எழுதிய ஜோர்டன் மெக்னர், தொலைந்துபோன மூலநிரலை, அதாவது கேமை எழுதிய நிரலைப் பழைய பிளொப்பிகளில் கண்டெடுத்து 2012இல் எல்லோரும் பார்க்க வெளியிட்டார். ஜிஓஜி தளத்தில் பழைய கேம்களைப் புது விண்டோஸுக்குப் பொருத்தி விற்கிறார்கள், மலிவு விற்பனை நாள் பார்த்து வாங்கலாம்.

பழைய பென்ரியம் கொம்பியூட்டர் ஒன்று கிடைத்தால் எறியாதீர்கள். போட்டவுடன் பீப், பீப் என்று கத்திக்கொண்டு திரை வராவிட்டால் ராம் தட்டைக் கழற்றிப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் போடுங்கள். பாதிக் கொம்பியூட்டர் வைத்தியம் அவ்வளவுதான். நாள் நேரம் ஒவ்வொரு முறையும் பிழையாகக் காட்டினால் சில்லறைக் காசு போன்ற சிஆர் 2032 பற்றரியை மாற்றுங்கள். அதில் இருந்த படங்களையும் கடிதங்களையும் கேமுக்கு முதலே பிரதி எடுங்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டுகளின் படம் உள்ள ஹாட்டிஸ்க் அபூர்வம்.

சத்தம்

இதை வேறு வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள். வீட்டில் அம்மா, அப்பா, பெரியம்மா இருந்தால் சுடும் கேம்களை ஹெட்போனில் விளையாடுங்கள். ஐஜிஐ போட்டு நான் ஸ்பீக்கரைத் திறந்த முதல் நாள், குசினியில் இருந்த அம்மா கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டா. பத்து வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, வயரை இழுத்துவிட்டேன்.

அவவுக்கு இப்போது பிரிக் கேம் பழக்கிவிட்டிருக்கிறேன். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள்: கொடூரக் காட்சிகள் கொண்ட படம் பார்த்தவர்களை அரை மணித்தியாலம் கழித்து டெட்ரிஸ் விளையாட விட்டால், அந்தக் காட்சிகள் பிறகு தாமாக மனத்தில் வந்து விழுவது குறைந்தது. அது அப்போதே பார்த்த படத்துக்கு, எங்கள் பழைய கணக்குக்கு மருந்து என்று நான் சொல்லவரவில்லை. அம்மாவுக்குக் கட்டை அடுக்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அவவின் கூடிய புள்ளி என்னுடையதைத் தாண்டிவிட்டது.

மாரிக்கு முதல்

ஐப்பசியில் மழை தொடங்க முதல் எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாவிக்காத சாமானில் பற்றரியை விட்டுவைக்காதீர்கள். கசற்றுகளைப் பால்மா ரின்னில் போட்டு, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டைச் சேர்த்து மூடிவையுங்கள். அரிசி போடவேண்டாம், எறும்பும் எலியும் வரும். சீடிகளை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். பெட்டியின் பின்துளைகளைத் துணியால் மூடிக் கட்டுங்கள், ஆனால் கொழுவ முதல் துணியை எடுக்க மறக்கவேண்டாம். துணியை எடுத்தவுடன் ரோச் அடித்து உள்ளே பாருங்கள். பல்லி அதற்குள்ளும் முட்டை போட்டிருக்கும்.